பதினேழாம் நம்பர் வானம்

முகாம்,
11-4-1961

தங்கத்தாய்க்கு,

ஒன்பதாம் தேதி வந்து சேர்ந்தேன். ரயிலில் நான்கு நாள், லாரியில் மூன்று நாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. தலைவலி இருக்கிறது. மலை ஏறியதும் எல்லோருக்கும் வருவதுதான்.

தென்காசி ஸ்டேஷனில் ரயில் நகரும்வரை நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அது போகட்டும். உன் டிரங்குப் பெட்டியில் மேலாக வைத்துவிட்டு வந்த ராஜினாமாக் கடிதத்தைத் தலைமையாசிரியையிடம் கொடுத்துவிட்டாயா? பஜாரில் நாலு கடை ஏறி, மை ஊறாத கெட்டித் தாளாகப் பார்த்து வாங்கி, அடித்தல் திருத்தல் இல்லாமல் நானே எழுதியிருக்கிறேன். கீழே நீ கையெழுத்துப் போட்டால் போதும். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கொடுத்துவிடு.

அம்மா சிவகிரியில் தனியாகக் கிடக்கிறாள். தை மாதம் கிணற்றுப்படியில் சறுக்கி விழுந்தவளை யாரும் வந்து பார்க்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. எனக்கு அப்பா இல்லை, கூடப் பிறந்தவரும் இல்லை. மகன் பட்டாளத்தில் இருக்கிறான், மருமகள் பிறந்த வீட்டில் இருந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள் என்றால் ஊர் என்ன பேசும்? நீ கெட்டிக்காரி. யோசித்துப் பார்.

இப்படிக்கு,
பா. நம்பிராஜன், ஹவில்தார்


தென்காசி,
20-4-1961

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. கட்டிய பெண்டாட்டிக்கு இனிஷியல், பதவி எல்லாம் போட்டுக் கையெழுத்திட்ட முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். ரப்பர் ஸ்டாம்ப் ஒன்றுதான் குறை. சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம். அதைவிடப் பெரிய சேதி வந்திருக்கிறது.

ஒரு மனிதர் ஆகாயத்துக்கு மேலே போய்விட்டு வந்துவிட்டார்! ருஷ்யாக்காரர். பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உயிரோடு இறங்கியிருக்கிறார். அங்கே உங்கள் கையில் பேப்பர் கிடைக்கிறதோ என்னவோ. டீச்சர்கள் அறையில் நான் அதைச் சத்தம் போட்டுப் படித்தேன். பூகோளம் எடுக்கிற சுகிர்தம் டீச்சர் கையில் இருந்த டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். நான் துள்ளியது வேறு விஷயத்துக்கு. மேலே வானம் எப்படி இருந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார் தெரியுமா? கறுப்பு! சூரியன் பளிச்சென்று எரிகிறது, அதைச் சுற்றி வானம் கன்னங்கரேலென்று இருக்கிறது. பூமியின் ஓரத்தில் மட்டும் மெல்லிய நீலக் கரை ஓடுகிறதாம், சேலைக்குக் கரை போட்டது மாதிரி.

அந்த நீலக் கரைதான் அத்தான் நம் வானம். நாம் அண்ணாந்து பார்க்கிற அத்தனை நீலமும் அந்தக் கரைக்குள் இருக்கிற காற்றுதான். ஆறு வருஷமாக இதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துகிறேன். இப்போதுதான் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஆமாம் என்கிறார். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி கேள்விக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்தவர்களில் அந்தக் கரைக்குப் பக்கத்தில் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் மலையில் வானம் என்ன நிறம்? நம்மூர் நிறம்தானா? நன்றாகப் பார்த்து எழுதுங்கள்.

அத்தையை நினைத்தால் எனக்கும் கவலைதான். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள்,
தங்கம்


முகாம்,
3-5-1961

தங்கத்தாய்க்கு,

கேட்டதற்குப் பதில் இல்லை, கேட்காததற்கு மூன்று பக்கம். உன் சாமர்த்தியம் எனக்குத் தெரியும்.

வானம் நீலம்தான். வேறு என்னவாக இருக்கும்?

மேலே உள்ளதை எழுதி நான்கு நாள் ஆகிறது. தபால் லாரி வராததால் கடிதம் கையிலேயே இருக்கிறது. இன்று பாறை உடைத்துவிட்டு மல்லாந்து படுத்திருந்தேன். (எங்கள் கம்பெனி ரோடு போடுகிற கம்பெனி என்பது உனக்குத் தெரியும்.) அப்போதுதான் கவனித்தேன். நீலம்தான், ஆனால் நம்மூர் நீலம் இல்லை. தலைக்கு நேர் மேலே பார்த்தால் மைக்கூட்டுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. மத்தியான வேளையில்! எத்தனை நீலம் என்று எப்படி எழுதுவது? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கடிதத்தைக் கொடுத்தாயா, இல்லையா? ஒரு வரியில் பதில் எழுது.

பா. நம்பிராஜன்


தென்காசி,
15-5-1961

அன்புள்ள அத்தானுக்கு,

ஹவில்தார் போய்விட்டது. இனிஷியலும் ஒருநாள் போகும் என்ற நம்பிக்கை வந்திருக்கிறது.

எத்தனை நீலம் என்று எப்படி எழுதுவது என்று கேட்டீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. சேலைக்கு ரவிக்கைத் துணி எடுக்கப் போனால் நாங்கள் என்ன செய்வோம்? முந்தானையைக் கையோடு கொண்டுபோய், கடை வாசலுக்கு வந்து, வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நீங்கள் வானத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். துணியை நான் அனுப்பினால் ஆயிற்று.

இத்துடன் ஓர் அட்டை இருக்கிறது. அதில் இருபது கட்டம். ஒன்றாம் நம்பர் கிட்டத்தட்ட வெள்ளை. அதிலிருந்து துணிக்குப் போடுகிற நீலத்தைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். பதினைந்துக்கு மேல் நீலம் போதவில்லை, என் கண்மையைக் கலந்தேன். இருபது வெறும் கண்மை. அதுதான் நிலாவின் வானம். சாதாரணத் தாளில் நீலம் திட்டுத்திட்டாக ஊறிக் கெட்டுப்போனது. பெட்டியில் நல்ல கெட்டித் தாள் ஒன்று சும்மா கிடந்தது, அதை வெட்டிக் காலண்டர் அட்டையில் கஞ்சிப் பசை போட்டு ஒட்டினேன். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, அட்டையைத் தலைக்கு மேலே நீட்டி, எந்தக் கட்டம் வானத்தோடு ஒட்டி மறைகிறதோ அந்த நம்பரை எழுதுங்கள். எத்தனை அடி உயரம் என்பதையும் எழுதுங்கள்.

இதே மாதிரி இன்னொரு அட்டை என்னிடம் இருக்கிறது. மத்தியானத்தில் தென்காசி எட்டு. நேற்று சுகிர்தத்தை இழுத்துக்கொண்டு குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிக்கு மேலே ஏறினேன். அங்கே ஒன்பது! ஒரு நம்பருக்காகவா இந்த ஏற்றம் என்று அவள் என்னைத் திட்டிக்கொண்டே இறங்கினாள்.

ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். வெயிலுக்குள் ஏழு நிறமும் ஒன்றாக வருகிறது. காற்று அதற்குக் குறுக்கே நிற்கிற சந்தைக்கூட்டம். சிவப்பு பெரிய ஆள், கூட்டத்தைக் கடந்து நேராகப் போய்விடுவார். நீலம் சின்னப் பிள்ளை. முட்டி மோதி நாலா பக்கமும் சிதறும். அதனால் நாம் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏதோ ஒரு நீலப் பிள்ளை நம் கண்ணில் வந்து விழுகிறது. அந்தி நேரத்தில் வெயில் சாய்வாக வருவதால் கூட்டத்துக்குள் வெகுதூரம் நடக்க வேண்டும். பிள்ளைகள் எல்லாம் வழியிலேயே சிதறிவிடுகின்றன, பெரியவர் மட்டும் வந்து சேருகிறார். வானம் சிவக்கிறது. நிலாவில் காற்றே இல்லை. கூட்டமும் இல்லை, சிதறலும் இல்லை. சூரியனைத் தவிர எங்கே பார்த்தாலும் ஒன்றும் வந்து சேராது. பட்டப்பகலிலும் கறுப்புதான். நீங்கள் நிற்கிற இடத்தில் கூட்டம் பாதிதான் என்றால் வானம் நிலாவின் பக்கம் பாதி வழி போயிருக்க வேண்டும். அதைத்தான் எனக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு வரிப் பதில் கேட்டீர்கள். கொடுக்கவில்லை.

உங்கள்,
தங்கம்


முகாம்,
2-6-1961

தங்கத்தாய்க்கு,

அட்டை வந்தது. மொத்தக் கூடாரமும் கூடி நின்று வேடிக்கை பார்த்தது. ஹவில்தார் வெளியே போய் வானத்துக்கு ரவிக்கை எடுக்கிறார் என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

நான் மூன்று இடத்தில் பார்த்திருக்கிறேன். முதல் முகாம், ■■■■■ அடி, பகல் பன்னிரண்டு மணி, நம்பர் 11. நடு முகாம், ■■■■■ அடி, நம்பர் 14. ■■■■■■■ கணவாய்க்குப் பாதி வழியில், ■■■■■ அடி, நம்பர் 15. மேலே பனி மூடியிருப்பதால் கணவாய்க்குப் போக முடியவில்லை. பனியின் கூச்சத்துக்காகக் கொடுத்த பச்சைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேதான் பார்த்தேன். அது தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஏன் என்று எழுதவில்லை. பள்ளிக்கூடம் திங்கட்கிழமை திறக்கிறது.

நம்பிராஜன்


தென்காசி,
14-6-1961

அன்புள்ள அத்தானுக்கு,

பொக்கிஷம் மாதிரி உறையைப் பிரித்தேன். உயரம் எழுதியிருந்த இடத்திலெல்லாம் கறுப்பு மை! உங்கள் அதிகாரி நிலாவின் வானத்தையே துண்டு துண்டாக வெட்டி ஒட்டி அனுப்பிவிட்டார். முதலில் அழுகை வந்தது. பிறகு சிரித்துவிட்டேன். ராணுவத்தில் உயரத்தை எழுதக்கூடாது என்று எனக்குத் தோன்றவில்லை, உங்களுக்குமா தோன்றவில்லை?

பரவாயில்லை. எனக்கு உயரம் வேண்டாம், காற்று எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும். அதைச் சொல்லப் பருப்பு இருக்கிறது! காற்று மெலிய மெலியத் தண்ணீர் போதிய சூடு ஏறுவதற்கு முன்பே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் பருப்பு வேகாது. எங்கள் வீட்டில் துவரம் பருப்பு வேக முக்கால் மணி நேரம். உங்கள் முகாம்களில் எவ்வளவு நேரம்? இதையும் மை பூசி மறைத்தால் உங்கள் அதிகாரியிடம் நானே நேரில் வந்து சண்டை போடுவேன்.

பச்சைக் கண்ணாடிக்குக் கவலைப்பட வேண்டாம். அட்டையையும் வானத்தையும் ஒரே கண்ணாடி வழியாகப் பார்த்தால் கணக்கு பெரிதாகக் கெடாது. இருந்தாலும் ஒருமுறை பனியைப் பார்க்காமல் நின்று, கழற்றிவிட்டுப் பாருங்கள். ஒரு நிமிஷம் போதும். எனக்கு நம்பரைவிட உங்கள் கண் முக்கியம்.

சாரல் தொடங்கிவிட்டது. ஜூலையில் குற்றாலத்தில் சீசன் கண்காட்சி. நம் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கொட்டகை கேட்டு வாங்கிவிட்டேன். பெயர் 'நான்கு வானங்கள்'. பூமி, செவ்வாய், நிலா, அதற்கப்பால் வெறும் வெளி. உள்ளே ஒரு கண்ணாடித் தொட்டி வைக்கிறேன். தண்ணீரில் நாலு சொட்டுப் பால் விட்டு ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால் பக்கவாட்டில் நீலம் தெரியும். எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தால் செம்மஞ்சள். ஒரே தொட்டியில் மத்தியானமும் அந்தியும்! முதல்முறை பார்த்தபோது நானே கையைத் தட்டிக்கொண்டேன்.

ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கிறீர்களே, இதனால்தான். மேலே எழுதியிருக்கிறேனே, இதை விட்டுவிட்டு வரச் சொல்கிறீர்கள். அத்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கும் தெரியும். இரண்டுக்கும் வழி இருக்கும் என்று நினைக்கிறேன். இன்னும் தெரியவில்லை. வேலையை விட்டால் நான் உங்களை மன்னிக்க மாட்டேன் என்று பயமாக இருக்கிறது. இதை எழுதாமல் இரண்டு மாதம் வைத்திருந்தேன்.

தங்கம்


முகாம்,
29-6-1961

தங்கத்துக்கு,

மை பூசியவர் கேப்டன் சங்கரநாராயணன். நாகர்கோவில்காரர். தமிழ் தெரிந்த அதிகாரி என்பதால் எங்கள் கடிதங்களை அவர்தான் படித்துப் பார்த்து அனுப்புகிறார். பருப்பு விஷயத்தைக் கேட்க நேரே அவரிடமே போனேன். சிரித்துவிட்டு, "பருப்பு வேகலைங்கது எதிராளிக்கும் தெரியும்வே. அவன் கூடாரத்திலயும் வேகாது. எழுதிக்கிடும்" என்றார். அதற்குப் பிறகு அட்டையை வாங்கி அவரும் வெளியே வந்து பார்த்தார். அரை மணி நேரம் திருப்பித் தரவில்லை.

எங்கள் சமையல்காரர் மூசா கடையநல்லூர்க்காரர். அவர் கைக்கடிகாரம் வைத்துப் பார்த்த கணக்கு இது. முதல் முகாமில் ஒன்றரை மணி நேரம், நம்பர் 11. நடு முகாமில் மூன்று மணி நேரம், நம்பர் 14. "அண்ணாச்சி, கல்லைப் போட்டிருந்தாக்கூட இந்நேரம் வெந்திருக்கும்" என்கிறார் மூசா. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். நம்பர் மாறவில்லை. நீ சொன்னது சரி. பருப்பு வேக வேக நேரமாகிற இடத்தில் வானம் கறுத்துக்கொண்டே போகிறது. கணவாய்க்கு ரோடு திறந்ததும் அங்கேயும் பார்க்கிறேன். எனக்கே பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

செவ்வாய்க்கு என்ன நிறம் அடிக்கப் போகிறாய்? அங்கே காற்று ரொம்ப மெலிசு, அதனால் வானம் கருநீலம் என்று புத்தகத்தில் இருப்பதாகக் கேப்டன் சொல்கிறார். எனக்கு ஒரு சந்தேகம். சென்ற வாரம் பள்ளத்தாக்கில் புழுதிக்காற்று அடித்தது. இந்த மெலிந்த காற்றில்தான் அடித்தது. உச்சி வேளையில் வானம் முழுக்கப் பால் விடாத வறட்டீ நிறம். அட்டையில் எந்த நம்பரும் ஒட்டவில்லை. செவ்வாய் முழுக்கச் செம்மண் என்கிறார்களே, அங்கே காற்றடித்தால் தூசி பறக்காதா? படிக்காதவன் சந்தேகம் என்று தள்ளிவிடாதே.

(பின்பக்கம்)

நம்பர் எல்லாம் முன்பக்கத்தில் இருக்கிறது. இது வேறு. மன்னிக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு அன்றைக்கு வேலை ஓடவில்லை. உன்னைக் கஷ்டப்படுத்த எனக்கு ஆசையா? அம்மாவுக்காகத்தான் சொல்கிறேன். வயதான காலத்தில் மருமகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு இருக்காதா? கண்காட்சியை முடித்துவிட்டு வேலையை விட்டுவிடு. இனிமேல் இதைக் கேட்க மாட்டேன்.

நம்பி


தென்காசி,
24-7-1961

அன்புள்ள அத்தானுக்கு,

உட்கார்ந்து எழுது என்று நீங்கள் சொல்வீர்கள். என்னால் நின்றுகொண்டுதான் எழுத முடிகிறது. என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

பேரருவிக்குப் போகிற ரோட்டில் எங்கள் கொட்டகை. குளித்துவிட்டு ஈரத்தோடு வருகிற கூட்டம் அப்படியே உள்ளே நுழைந்துவிடும். முதல் இரண்டு நாள் தொட்டிக்கு வைத்திருந்த பாலைக் குரங்கு குடித்துவிட்டது. மூன்றாம் நாள் சிவகிரிப் பெண்களோடு அருவியில் குளிக்க வந்த அத்தை என்னைப் பார்க்க எட்டிப் பார்த்தாள். குரங்கை விரட்ட ஒரு கம்பை எடுத்தவள் அதற்குப் பிறகு கம்பையும் விடவில்லை, கொட்டகையையும் விடவில்லை. மறுநாளிலிருந்து தொட்டியில் பால் விடுவதும் அவள்தான். "இந்தப் பக்கம் நின்னு பாரு, நீலம். அங்கன போயி நின்னு பாரு, அந்தி. காசு கெடயாது, போயி நல்லாப் பாரு" என்று அவள் கூப்பிடுகிற சத்தத்துக்கு அருவி அடங்கும்.

செவ்வாயை இரண்டு பாதியாக அடித்தேன். ஒரு பாதி புத்தகத்தின் கருநீலம். மறு பாதி உங்கள் வறட்டீ. கீழே 'போய்ப் பார்த்தவர் சொல்லும்வரை' என்று எழுதி வைத்தேன். உங்கள் சந்தேகம் எனக்குப் பிடித்திருக்கிறது. உண்மையைச் சொன்னால், உங்கள் பாதிதான் சரியென்று எனக்கும் தோன்றுகிறது.

நிலாவுக்குக் கன்னங்கரேலென்று வானம், நடுவில் சூரியன். உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் குண்டூசியால் குத்தி வைத்திருந்தேன், முன்பக்கம் தெரிகிற மாதிரி. பருப்பு, நம்பர் எல்லாம் ஜனங்கள் வாசித்து வாசித்துச் சிரித்தார்கள்.

பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதர் நிலாவுக்கு முன்னால் நின்றார். "என்னம்மா இது, சூரியனைப் போட்டு ராத்திரியையும் போட்டிருக்கே? பிள்ளைகளுக்குத் தப்பாச் சொல்லிக் கொடுக்கலாமா? இதை நீலமா மாத்து" என்றார். தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆறு வருஷம் பாடம் நடத்தியவள், அத்தான், ஒரு வார்த்தை வரவில்லை. பின்னாலிருந்து அத்தை வந்தாள், கையில் கம்பு.

"என் மவன் அங்கன மலை மேல நின்னு, அட்டையப் புடிச்சுப் பாத்து எழுதுதான். ஏற ஏற வானம் கறுக்குதாம். நீரு எங்கன நின்னு பாத்தீரு?"

அவர் உங்கள் கடிதத்தை வரி வரியாகப் படித்தார். பிறகு தொட்டிப் பக்கம் போய் நீலத்தைப் பார்த்தார், எதிர்ப்பக்கம் போய் அந்தியைப் பார்த்தார். அதற்குப் பிறகு நாக்கு வந்து, காற்றில்லாத இடத்தில் வெளிச்சம் ஏன் சிதறாது என்று நான் சொன்னேன். கடைசியில், "பருப்பு வேகாத ஊர்ல உங்க வீட்டுக்காரர் என்னத்தைச் சாப்பிடுதார்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். வானம் கறுப்பாகவே இருந்தது! எங்களுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு சோப்பு செய்து காட்டிய கொட்டகைக்கு. சுகிர்தம் இன்னும் அந்தச் சோப்பைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

இனி நான் செய்யாத தப்பைச் சொல்கிறேன். அன்று சாயங்காலம் சாரலோடு காற்று சுழற்றி அடித்ததில் ஒரு குண்டூசி பிடுங்கிக்கொண்டு உங்கள் கடிதம் புரண்டுவிட்டது. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. பின்பக்கமும் வானம்தான் என்று நினைத்துச் சுகிர்தத்திடம், "இந்தப் பக்கம் என்னட்டி எழுதியிருக்கான், வாசி" என்றாள். அவளும் வாசித்துவிட்டாள். நான் ஓடி வருவதற்குள் 'அம்மாவுக்காகத்தான் சொல்கிறேன்' வரை வந்துவிட்டது.

அத்தை கம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதச் சொன்னாள். எழுதுகிறேன்.

"ஏலே நம்பி, ஒங்கிட்ட நான் எப்பம்லே சொன்னேன் இவ வேலைய விடணும்னு? என்னைய ஒரு வார்த்த கேட்டியா? கெணத்துப் படியில விழுந்தப்பம் இவ லீவு போட்டுட்டு வந்து பத்து நாளு என் காலப் புடிச்சுவிட்டா. நீ எங்கன இருந்தே? தனியாத்தான் கெடக்கேன், இல்லங்கல. அதுக்கு இவளையும் கொண்டாந்து சிவகிரியில உக்கார வச்சிட்டா ரெண்டு பேரும் தனியாக் கெடப்போம். நெலத்த வாரக் குத்தகைக்கு விட்டுட்டு நான் தென்காசிக்கு வாரேன். மூணு மாசம் இருந்து பாக்கேன். புடிக்கலன்னா நாம் போறேன். நீ மேல ஏறிப் பாத்து அந்த நம்பர எழுது. இங்கன எல்லாரும் கேக்காவ."

நாங்கள் மூன்று பேரும் கொட்டகையில் உட்கார்ந்து அழுதோம். குரங்கு வந்து பாலைக் குடித்துவிட்டுப் போயிற்று.

இப்போது அத்தை உள்ளே தூங்குகிறாள். பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இரண்டு அறை வீடு ஒன்று பார்த்திருக்கிறோம். நீங்கள் சரி என்று எழுதினால் ஆவணியில் பால் காய்ச்சுவோம். அந்த ராஜினாமாக் கடிதத்தை நான் கொடுக்கவில்லை. இனிமேல் கொடுக்கவும் முடியாது, அது என்னிடம் இல்லை. எங்கே இருக்கிறது என்று நேரில் வந்தால் சொல்கிறேன்.

உங்கள்,
தங்கம்


கணவாய் முகாம்,
9-8-1961

என் தங்கத்துக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் கணவாய்க்கு ஏறினேன். நேற்று ரோடு திறந்தது. அம்மா சொன்னதை நாலு தடவை படித்துவிட்டேன். நான் அவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவள் மனம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு உன்னையும் வாட்டி எடுத்துவிட்டேன். தப்பு என்னுடையது.

முதலில் நம்பர். பகல் பன்னிரண்டு, துளி மேகம் இல்லை. மூசா காலை ஏழு மணிக்குப் போட்ட பருப்பு இன்னும் முழுசாகவே கிடக்கிறது. அவர் அடுப்பை அணைத்துவிட்டார். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று அட்டையை நீட்டினேன். பதினைந்து வெளுத்துத் தெரிந்தது. பதினாறும் வெளுப்புதான். பதினேழை நேராகப் பிடித்தேன் தங்கம், கட்டம் காணாமல் போய்விட்டது! வானத்தோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் கேப்டன் ஓடி வந்துவிட்டார். உன் கண்மை கலந்த நீலம் என் தலைக்கு மேலே நாலு திசையும் நிற்கிறது. இன்னும் மூன்றே மூன்று கட்டம் தாண்டினால் நிலா.

அந்த நேரத்தில் காற்று ஒரு வீசு வீசியது. இங்கே காற்றில் ஈரமே கிடையாது, உன் கஞ்சிப் பசை காய்ந்து வெடித்திருக்கிறது. பதினேழாம் கட்டம் பிய்ந்து பறந்தது. கேப்டன் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்தார். திருப்பிப் பார்த்தவர் அதை என் கையில் கொடுத்தார். பின்னால் என் கையெழுத்து. 'விலகிக்கொள்ள.'

மற்ற கட்டங்களையும் நகத்தால் உரித்தேன். தகர மேஜையில் வரிசையாக வைத்தேன். 'பணிவான வணக்கம்' மூன்றாம் நம்பருக்குப் பின்னால். 'குடும்பச் சூழ்நிலை' ஒன்பதில் பாதி, பத்தில் பாதி. நாலு கடை ஏறி வாங்கிய தாள்! இரண்டரை மாதமாக நானே எழுதின ராஜினாமாவை நானே தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வானம் என்ன நிறம் என்று பார்த்திருக்கிறேன். கேப்டன் சிரித்துச் சிரித்து மேஜையில் சாய்ந்துவிட்டார். "வே நம்பிராஜன், எத்தனையோ பேர் கடிதத்துல நான் மை பூசியிருக்கேன். உம்ம சம்சாரம் பூசின மாதிரி எனக்குப் பூச வராது" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. இந்தக் காற்றில் அது கன்னத்திலேயே காய்ந்துவிட்டது.

வீடு சரி. ஆவணியில் பால் காய்ச்சுங்கள். அம்மாவிடம் பதினேழு என்று சொல். கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லச் சொல்.

உரித்த கட்டங்களைத் திரும்ப ஒட்டப் பார்த்தேன், நிற்கவில்லை. இதற்கு மேலேயும் ஒரு கணவாய் இருக்கிறது. அடுத்த மாதம் அங்கே ரோடு போகிறது. பதினெட்டு கிடைக்கும் என்று கேப்டன் பந்தயம் கட்டியிருக்கிறார். எனக்குப் புது அட்டை வேண்டும். பாலம் வரைகிற கெட்டித் தாள் நாலு கேட்டு வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். பசையை மட்டும் கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சு.

நாலு தாளையும் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துக்கொள். ஒன்றிலும் நான் ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை.

உன்,
அத்தான்